சோலைக்கிளியின் வயிறு என்ன நிறம்?

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுல "ஒரு காட்டுக்குப் போயிட்டு வந்து பேசுறேன்"னு சொல்லியிருந்தேன். போயிட்டு வந்தாச்சு. காலில் அட்டை கடிச்ச இடம் இன்னும் அரிக்குது, அதனால எல்லாம் மறக்கிறதுக்குள்ள சொல்லிடறேன்.

முதல்ல ஏன் போனேன்னு சொல்லணும். நான் குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களுக்கு ஓவியம் வரையறவள்னு வழக்கமா கேக்கறவங்களுக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி நீலகிரி சோலைக்காட்டில் நடக்கிற ஒரு சின்னக் கதைக்குப் படம் வரைஞ்சேன். ஒரு பறவை, அது தொலைச்ச கூடு, வழியில் சந்திக்கிற விலங்குகள். சென்னையில், என் மேசையில் உட்கார்ந்து, இணையத்தில் கிடைத்த புகைப்படங்களைப் பார்த்தே வரைந்தது. புத்தகம் நல்லாவே போச்சு. அப்புறம் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் கிராமத்தில் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டக் கூப்பிட்டாங்க. வாசித்து முடித்ததும் நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு கேட்டாள்: "அக்கா, இது எந்த ஊர்க் காடு?"

"உங்க ஊர்க் காடுதான்டா"ன்னேன். அவள் புத்தகத்தைத் திரும்ப ஒரு தடவை பார்த்தாள். "எங்க காடு இப்படி இருக்காதுக்கா"ன்னு சொல்லிட்டுப் போய் உட்கார்ந்துட்டாள். கோபமாகக்கூடச் சொல்லலை.

இந்த வருஷம் அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வருது. பதிப்பாளர் "ஏதாவது மாத்தணுமா?"ன்னு கேட்டார். பன்னிரண்டு பக்கத்தையும் திரும்ப வரையறேன்னு சொன்னேன். கூடுதல் பணம் கிடையாது, ஆறு வாரம் டைம் தர்றேன்னார். நவம்பர் கடைசியில் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

நான் போனது கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற லாங்வுட் சோலை. ஊரை ஒட்டியே இருக்கிற காடு. பரப்பு 116 ஹெக்டேர்தான். ஊட்டிக்கு வர்ற கூட்டத்தில் பெரும்பாலானவங்க இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க. ஆனா 2024 ஜனவரி கடைசியில் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து இதையும் ராம்சர் பட்டியலில் அறிவிச்சாங்க. ராம்சர்னா ஈரநிலத்துக்கான சர்வதேச அங்கீகாரம். ஏரியே இல்லாத காடு எப்படி ஈரநிலமாகும்னு எனக்கும் முதல்ல புரியலை. உள்ளே போய் கையை மண்ணில் வைத்தபோது புரிந்தது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அந்த அறிவிப்பில் ஒரு வரி எனக்குப் பிடிச்சிருந்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது. 'சோலை'ங்கிற தமிழ்ச் சொல்லுக்கு 'வெப்பமண்டல மழைக்காடு'ன்னு பொருள் சொல்லியிருந்தாங்க. நமக்குச் சோலைன்னா என்ன? தோப்பு, பூஞ்சோலை, நிழல். தப்புன்னு சொல்ல வரலை. ஆனா அந்த ஒரு சொல்லில்தான் நான் இரண்டு வருஷம் முன்னாடி வழுக்கி விழுந்தேன். மழைக்காடுன்னதும் என் கை தானாக அமேசானை வரைந்துவிட்டது. நாற்பது மீட்டர் உயரத் தூண் மாதிரி மரங்கள், தொங்கும் கொடிகள், மேலே கிளி, கீழே சிறுத்தை.

சோலை அப்படி இல்லை. அந்த மாதிரி உயர்ந்த மழைக்காடு நீலகிரிக்கும் உண்டு, ஆனா அது இருக்கிறது சரிவுக்குக் கீழே, மேற்குப் பக்கம், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு மாதிரியான இடங்களில். சோலை மேல்மலைக் காடு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்றும் குளிரும் மரத்தை வளர விடுறதில்லை. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, ஒன்றின் தலை இன்னொன்றின் தோளில் சாய்ந்த மாதிரி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தா காடு மொத்தமும் ஒரே காலிஃபிளவர் மாதிரி இருக்கும். (இதை விட அழகான உவமை யோசிச்சேன், வரலை.) பட்டையே தெரியாதபடி பாசி. பாசிக்கு மேல் பெரணி, ஆர்க்கிட். கிளையெல்லாம் தாடி மாதிரி தொங்கும் மரப்பாசி.

நிறம்தான் என்னை முதல்ல அடிச்சது. நான் புத்தகம் முழுக்கப் பச்சை போட்டிருந்தேன். சோலையில் பச்சை பாதிதான். நாவல் குடும்பத்து மரங்களில் இளந்தளிர் வரும்போது செம்பு நிறம், ரத்தச் சிவப்பு. பூ பூத்திருக்குன்னே நினைப்பீங்க. கிட்டப் போனா இலை. தளிரில் பச்சையம் நிறையறதுக்கு முன்னாடி, மலை உச்சியின் கடும் வெயிலில் அது கருகாமல் இருக்க அந்தச் சிவப்பு உதவுதுன்னு தாவரவியலில் ஒரு விளக்கம் உண்டு. அப்போ குளிர்கால சோலைக்கு நான் வைத்திருந்த மூணு பச்சை டியூப் பத்தாது, பழுப்புச் சிவப்பும் சாம்பலும் வேணும்.

மண்ணைப் பத்திச் சொல்றேன்னேன் இல்லையா. வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே போகணும். என்கூட வந்த வாட்சர் அண்ணா, பக்கத்து ஊர்க்காரர், ஒரு இடத்தில் நின்னு, "கையை வெச்சுப் பாருங்க"ன்னார். கீழே இலைக்குப்பை. விரல் உள்ளே போகுது, மணிக்கட்டு வரைக்கும் போகுது. எடுத்தா கையில் தண்ணீர் சொட்டுது. மழை பெய்து மூணு நாள் ஆகியிருந்தது. அதுதான் ஈரநிலம். பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஓடையில் விடுது. சுத்தி இருக்கிற பல கிராமங்களுக்குக் குடிதண்ணி இங்கேயிருந்து போகுது.

"இந்தச் சோலை இல்லைன்னா எங்க வீட்டுக் குழாயில காத்துதான் வரும்"னார் அண்ணா.

சரி, பறவைகள்.

சோலையில் பறவை பார்க்கப் போறவங்களுக்கு நான் ஒண்ணு சொல்லிடறேன்: முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே தெரியாது. நீங்க முதுமலை சஃபாரி மாதிரி நினைச்சுப் போனா கடுப்புதான் வரும். உள்ளே இருட்டு. காலை எட்டு மணிக்கே சாயங்காலம் மாதிரி இருக்கு. என் கேமராவை வெளியே எடுத்தது மொத்தம் நாலு தடவை, நாலும் மங்கல். இங்கே காதுதான் கண்.

[நீலகிரி சிரிப்பான்களின் ஒலிப்பதிவு, 20 வினாடி]

கேட்டீங்கல்ல? யாரோ ஒருத்தர் சொன்ன மொக்கை ஜோக்குக்கு அஞ்சாறு பேர் சேர்ந்து சிரிக்கிற மாதிரி. அதுதான் நீலகிரி சிரிப்பான். உலகத்தில் இந்த மலைகளின் உயரமான பகுதிகளில் மட்டும்தான் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் 26 இருக்குன்னா, அதில் 14 இந்தச் சின்னக் காட்டில் இருக்குன்னு அந்த ராம்சர் அறிவிப்பு சொல்லுது. நான் பார்த்தது அஞ்சு. கேட்டது எட்டுன்னு வெச்சுக்கலாம், அதுவும் வாட்சர் அண்ணா சொல்லித்தான்.

ஒண்ணுமே இல்லாத நேரத்துக்கு அப்புறம் ஒரு கூத்து நடக்கும். சோலையில் பல சின்னப் பறவைகள் கலப்புக் கூட்டமாகத்தான் இரை தேடும். ஈப்பிடிப்பான், வெள்ளைக்கண்ணி, பட்டாணிக்குருவி எல்லாம் சேர்ந்து. ஒருத்தர் கலைக்கிற பூச்சியை இன்னொருத்தர் பிடிக்கலாம், கழுகு வந்தா எச்சரிக்க நிறையக் கண் இருக்கும். அந்தக் கூட்டம் உங்க தலைக்கு மேல வர்ற வரைக்கும் காடு காலி. வந்ததும் எல்லாப் பக்கமும் அசையுது. மூணு நிமிஷம். அப்புறம் மறுபடி காலி. என் பழைய படத்தில் எல்லாப் பக்கத்திலும் எல்லா விலங்கும் நின்னு போஸ் கொடுத்துக்கிட்டு இருக்கும். புதுப் புத்தகத்தில் ஏழாம் பக்கம் வரைக்கும் ஒரு பறவைகூட முழுசாத் தெரியாது. எட்டாம் பக்கத்தில்தான் கூட்டம் வரும். இது நான் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிச்ச உத்தி இல்லை, அந்தக் காடு அப்படித்தான் இருக்கு.

அந்த மூணு நிமிஷத்தில் வரையறது எப்படின்னு ஓவியர்கள் சில பேர் கேப்பீங்க. காகிதத்தைப் பார்க்காதீங்க. கண் பறவை மேலேயே இருக்கட்டும், கை தன் பாட்டுக்கு ஓடட்டும். கோடு கோணலா வரும், பரவாயில்லை. பறவை போன உடனே கண்ணை மூடி, ஞாபகத்தில் மீதி இருக்கிறதை எழுத்தில் குறிச்சுக்கோங்க: "வால் மேலே தூக்கியிருந்தது", "கழுத்தே இல்லை". இன்னொண்ணு, பென்சில் மட்டும் கொண்டு போங்க. நான் வாட்டர்கலர் டப்பாவைத் தூக்கிட்டுப் போய் முட்டாளானேன். மூடுபனியில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி அப்பளம் மாதிரி நெளிஞ்சுடுச்சு, போட்ட நிறம் ஒரு மணி நேரமாகியும் காயலை.

இப்போ தலைப்புக்கு வர்றேன். என் கதையின் நாயகி ஒரு சோலைக்கிளி. கிளின்னு பேரே தவிர கிளி இல்லை, குருவி அளவில் நீலமாக, தரையோடு தரையாக நிழலில் துள்ளும் ஒரு கூச்சப் பறவை. ஓடை ஓரத்தில் அண்ணா கையை நீட்டினார். ஒரு பாசிக் கல் மேல் வந்து நின்றது. நாலு வினாடி இருக்கும். முதுகும் நெஞ்சும் கருநீலம், விலாவில் செங்கல் நிறம்.

"அண்ணா, இது வேற பறவையா?"ன்னு கிசுகிசுத்தேன். "ஏங்க, இதுதானே நீங்க தேடி வந்தது?"ன்னார்.

என் புத்தகத்தில் அதன் விலாவில் செங்கல் நிறம் கிடையாது. நீலம், வயிறு வெள்ளை, அவ்வளவுதான். திரும்பி அறைக்கு வந்து தேடினேன். சோலைக்கிளியில் ஒண்ணுக்கு மேல் இனம் இருக்கு. நீலகிரியில் இருப்பது விலா சிவந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல், மூணாறு பக்கம் இருப்பது வெள்ளை வயிற்றுக்காரி. நான் இறக்கிய புகைப்படம் கொடைக்கானலில் எடுத்ததாக இருந்திருக்கணும். நீலகிரிக் கதையில் இரண்டு வருஷமாக ஒரு பழனி மலைப் பறவை நடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, எனக்கே தெரியாமல்.

ஏன் இப்படி ஆச்சு? சோலைகளை விஞ்ஞானிகள் வானத்தீவுகள்னு சொல்றாங்க. குளிர்ந்த மலை உச்சி ஒரு தீவுன்னா, நடுவில் இருக்கிற சூடான சமவெளி கடல். பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். நமக்கு அது கோயம்புத்தூரிலிருந்து கேரளாவுக்குப் போற ரயில் பாதை. காட்டின் இருட்டை விட்டு வெளியே வராத ஒரு சின்னப் பறவைக்கு அது தாண்ட முடியாத கடல். லட்சக்கணக்கான வருஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாக வாழ்ந்து வேறு வேறாகிவிட்டன. 2017இல் வி. வி. ராபினும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் மரபணுவைப் பார்த்து, இவை பக்கத்து நாட்டு ராபின்களின் கிளை இல்லை, தனிப் பேரினம்னு சொல்லி 'சோலிகோலா'ன்னு பேர் வெச்சாங்க. சோலையில் வாழ்வதுன்னு அர்த்தம். ஆங்கிலத்திலும் இப்போ 'ஷோலகிளி'ன்னே எழுதறாங்க. நம்ம சொல் ஒண்ணு உலகப் பறவைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கு. அந்தப் பேரை வெச்சுக்கிட்டே நான் தப்பா வரைஞ்சிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அறையில் இருந்தப்போ இரண்டு பேரை நினைச்சுக்கிட்டேன். ரங்கையா, கோவிந்து. இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்கிற கம்பெனி மருத்துவருக்கு, அவர் தாவரவியலாளரும்கூட, படம் வரைந்த தென்னிந்திய ஓவியர்கள். வைட் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவரப் படநூலில் 2,101 படங்கள். நீலகிரிச் செடிகளுக்கென்றே 'ஸ்பைசிலீஜியம் நீல்கெரென்ஸ்' என்று தனியாக ஒரு நூலும் போட்டார். அவற்றில் பெருமளவு இந்த இருவர் கை. இதழுக்குள் மகரந்தத் தாள் எத்தனை, சூலகத்தை வெட்டினால் உள்ளே எத்தனை அறை என்பது வரைக்கும் வரைந்திருப்பாங்க. ஒரு அறையைக் கூட்டிப் போட்டா அந்தச் செடி வேற செடியாகிடும்னு தெரிஞ்சு வரைஞ்ச கை அது. வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா'ன்னு பேர் வெச்சார். பின்னாடி அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துட்டாங்க, இருந்தாலும் ஒரு ஓவியருக்கு அப்படி ஒரு மரியாதை! எடின்பரோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி 2007இல் இவர்களைப் பற்றி மூன்று தொகுதி எழுதினார். தமிழில் இவங்களைப் பத்தி யாராவது பெரிசா எழுதணும்.

இன்னொருத்தர் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை ஒரு ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினவர். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். அவரே படமும் வரைவார், கறுப்பு வெள்ளையில் புகைப்படமும் எடுப்பார், முதுமலை யானைகள் உட்பட. காட்டுக்குப் போறது அவருக்கு உத்வேகம் தேடிப் போறது இல்லை. வேலைக்குப் போறது. எனக்கு இந்த வித்தியாசம் இப்போதான் உறைக்குது. 'இன்ஸ்பிரேஷனுக்காகக் காட்டுக்குப் போறேன்'னு நான் இன்ஸ்டாவில் போட்டுட்டுத்தான் கிளம்பினேன். அழிச்சிட்டேன்.

அதை அழிக்க வெச்சது மறுநாள் நடந்த ஒண்ணு. தங்கின இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வந்துக்கிட்டு இருந்தேன். வளைவில் நாலைந்து அம்மாக்கள் கொழுந்துக் கூடையோடு நின்னுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சம் தள்ளி, செடிக்கு மேல ஒரு கருத்த முதுகு. தனி ஆண் காட்டெருமை. ஒரு டன் வரைக்கும் வளரும் விலங்கு. கால் நாலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், பளபளன்னு. நான் உடனே நோட்டை எடுத்தேன். அவ்வளவு அசையாமல் எந்த விலங்கும் எனக்கு நின்னதில்லை. இருபது நிமிஷம் வரைஞ்சேன், சந்தோஷம் தாங்கலை.

ஒரு அம்மா எட்டிப் பார்த்தாங்க. "நல்லா வந்திருக்கு கண்ணு"ன்னாங்க. அப்புறம், "உனக்கு இது படம். எங்களுக்கு அது நிக்கிற ஒவ்வொரு நிமிசமும் எடை குறையுது"ன்னாங்க. பறிக்கிற கொழுந்தின் எடையைச் சொல்றாங்க. அந்தப் பக்கம் போக வேற வழி கிடையாது. போன வருஷம் அவங்க லைன்ல ஒருத்தரைக் காட்டெருமை முட்டிடுச்சு, இன்னும் குனிஞ்சு வேலை செய்ய முடியலைன்னு சொன்னாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு அது தானா நகர்ந்து சோலைப் பக்கம் இறங்குச்சு. அவங்க ஒண்ணும் பேசாம வேகமா நடந்தாங்க.

தேயிலை வர்றதுக்கு முன்னாடி அந்தச் சரிவு புல்வெளியும் சோலையுமாக இருந்த இடம். அப்புறம் தேயிலை, கற்பூர மரம், சீகை. மிச்சமிருப்பது இந்த மாதிரித் துண்டுகள். காட்டெருமை துண்டிலிருந்து துண்டுக்குப் போக, நடுவில் இந்த அம்மாக்களின் வேலை இடம். நான் இதைப் புத்தகத்தில் எங்கே வைக்கிறதுன்னு நாலு நாள் யோசிச்சேன். பழைய புத்தகத்தில் மனுஷங்களே கிடையாது. காடுன்னா மனுஷன் இல்லாத இடம்னு ஒரு நினைப்பு. ஆனா கோத்தகிரிக்குக் கிழக்கே வெள்ளரிக்கொம்பை பக்கம் பாறையில் இருக்கிற பழைய ஓவியங்களைத் தங்கள் முன்னோருடையதுன்னு சொல்ற ஆலுக் குறும்பர்கள், இன்னைக்கும் மரப்பிசின், பட்டை, இலை, மண்ணில் எடுத்த நிறங்களில் தேன் எடுப்பதை, காட்டை வரையறாங்க. அவங்க படத்தில் மரமும் விலங்கும் மனுஷனும் ஒரே அளவில், ஒரே தாளில் இருக்கும். அவங்க பாணியை நான் எடுத்துக்க மாட்டேன், அது அவங்களுடையது. ஆனா மனுஷங்களை வெளியே நிறுத்தாமலும் காட்டை வரையலாம்னு தெரிஞ்சது.

அமைதிப் பள்ளத்தாக்கு பத்தி ஒரு வார்த்தை, நேரம் ஆகுது. குந்திப்புழாவில் அணை கட்ட வந்தப்போ விஞ்ஞானிகளோடு கவிஞர்களும் தெருவுக்கு வந்தாங்க. சுகதகுமாரி மரத்தைப் போற்றி எழுதின கவிதை போராட்டக் கூட்டங்களில் பிரார்த்தனை மாதிரி பாடப்பட்டது. அணை நின்னது, 1985இல் தேசியப் பூங்காவாகத் திறந்து வெச்சாங்க. காட்டிலிருந்து எழுத்தாளர்கள் எடுத்துக்கிட்டது நிறைய. அங்கே கொஞ்சம் திருப்பியும் கொடுத்தாங்க. நான் ஒரு விலா நிறத்தைத் திருத்திக்கிட்டு இருக்கேன், இரண்டையும் ஒப்பிட வரலை. ஞாபகம் வந்தது, சொன்னேன்.

இப்போ மேசையில் இருக்கு பன்னிரண்டு பக்கமும். ஒன்பது முடிஞ்சது. அஞ்சாம் பக்கத்தில் தேயிலைப் பாதையில் அம்மாக்கள் கூடையோடு காத்துக்கிட்டு நிக்கிறாங்க, பின்னாடி சாக்ஸ் போட்ட கால் மட்டும் தெரியுது. சோலைக்கிளிக்குச் செங்கல் நிறம் கலக்கறதுதான் பெரிய பாடு, ஆரஞ்சாகப் போயிடுது. கோத்தகிரி வாட்சர் அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இன்னும் கொஞ்சம் மங்கலா"ன்னு பதில் வந்திருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த நாலாவது படிச்ச பொண்ணுகிட்ட, இப்போ ஆறாவது, ஒரு பிரதியைக் கொண்டு போய்க் காட்டணும். அவள் என்ன சொன்னாள்னு அடுத்த எபிசோடில் சொல்றேன்.